பார்க்கர் 51: பெயரும் பொருளும்

நம்மில் பலருக்கு 'பார்க்கர் பேனா' என்பது ஒரு நிறுவனத்தின் பெயராக அறிமுகமாகவில்லை. ஓர் அந்தஸ்தின் பெயராகவே அறிமுகமானது. சட்டைப்பையின் விளிம்பில் அந்த அம்பு வடிவக் கொக்கி தெரிந்தால் அணிந்திருப்பவரைப் பற்றி ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிடும். ஆகவே 1972-ல் உற்பத்தி நின்றுபோன 'பார்க்கர் 51' 2021-ல் மீண்டும் சந்தைக்கு வந்தபோது, மைப்பேனாவைக் கைவிடாத சிறுபான்மையினர் மகிழ்ந்தது இயல்புதான். நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி ஏன் நீடிக்கவில்லை என்பதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இந்த நிறுவனத்தின் தொடக்கமே பழுதுபார்ப்பில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்ற ஊரில் தந்திக்கலை கற்பித்துக்கொண்டிருந்தார் ஜார்ஜ் சாஃபர்ட் பார்க்கர். வருமானம் போதாமல் மாணவர்களுக்கு வேறொரு நிறுவனத்தின் பேனாக்களை விற்றார். அவை கசிந்தன, விற்றவர் என்ற முறையில் அவரே அவற்றைக் கழற்றிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்த அனுபவத்திலிருந்து 1888-ல் பிறந்தது பார்க்கர் நிறுவனம். 1921-ல் அவர்கள் வெளியிட்ட ஆரஞ்சு நிற டியோஃபோல்டின் விலை 7 டாலர். அன்றைய சாதாரணப் பேனாக்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கு ஈடாக 25 ஆண்டு உத்தரவாதம் தந்தார்கள். அதிக விலை என்பது நெடுங்காலப் பொறுப்பு என்ற எண்ணம் அதில் இருந்தது.

1941-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த 51 அந்த எண்ணத்தின் உச்சம். விலை பன்னிரண்டரை டாலர். நிறுவனத்தின் 51-ஆம் ஆண்டான 1939-ல் உருவானதால் அந்தப் பெயர். விரைவில் உலரும் மை ஒன்றை அவர்கள் தயாரித்தார்கள். அது அன்றைய செல்லுலாய்டு பேனாக்களை அரித்துவிடும். எனவே உடற்பகுதியை லூசைட் என்ற புதிய பிளாஸ்டிக்கில் செய்தார்கள். மை தாளில் உடனே உலர வேண்டும், நிப்பில் உலரக்கூடாது. அதற்காகக் குழல்வடிவத் தங்க நிப்பை உள்ளே மறைத்து, முனையை மட்டும் வெளியே விட்டார்கள். நிப்பைச் சுற்றி, மெல்லிய தகடுகள் அடுக்கியதுபோன்ற ஓர் உறுப்பு மிகுதியான மையைத் தாங்கிக்கொண்டது. மூடிக்குத் திருகு கிடையாது. உள்ளே இருந்த உலோகப் பிடிகள் பேனாவின் இடுப்பில் உள்ள வளையத்தை மெல்லக் கவ்வின. 1948-க்குப் பிறகு வந்த வகையில் மைப்பையைச் சூழ்ந்த உலோக உறையின்மேலேயே மை நிரப்பும் முறையைப் பொறித்திருந்தார்கள். பேனாவைத் திறக்கப்போகிறவர் ஒருவர் உண்டு என்பதைச் செய்தவர்கள் மறக்கவில்லை.

பிறகு நடந்தவை பெருந்தொழில்களின் வழக்கமான கதை. 1986-ல் நிர்வாகிகளே பேனாப் பிரிவை வாங்க, தலைமையகம் இங்கிலாந்தின் கடலோர ஊரான நியூஹேவனுக்குப் போயிற்று. 1993-ல் ஜில்லெட், 2000-ல் நியூவெல் என உரிமை கைமாறியது. நியூஹேவன் தொழிற்சாலையை மூடுவதாக 2009-ல் அறிவித்தார்கள். ஜேன்ஸ்வில்லில் எஞ்சியிருந்த பணிகளுக்கும் அதே ஆண்டில் முடிவு அறிவிக்கப்பட்டது. உயர்ரகப் பேனாக்களின் உற்பத்தி பிரான்சில் நாந்த் நகருக்கு அருகே உள்ள ஆலைக்குச் சென்றது. அது வாட்டர்மேன் ஆலை. ஒரு காலத்துப் போட்டியாளரின் கூரையின்கீழ் பார்க்கர் பேனாக்கள் உருவாவது வரலாற்றின் சிறிய நகைச்சுவை.

இடம் மாறியதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஜேன்ஸ்வில்லை விட்டு வெளியேறிய பிறகும் நல்ல பார்க்கர்கள் வந்தன. நூற்றாண்டு விழாவை ஒட்டிப் புத்துயிர் பெற்ற டியோஃபோல்டு ஒரு சான்று: 18 காரட் தங்க நிப், கையில் திடமாக அமரும் பருமன். கைத்திறன் ஊர்விட்டு ஊர் போகும், கற்பிக்க ஆள் இருந்தால். என் ஆட்சேபம் 2021-ல் வந்த 51 பற்றியது. தோற்றத்தில் பழைய நிழல் அப்படியே இருக்கிறது. ஆனால் கவ்வும் மூடி போய்த் திருகு மூடி வந்துவிட்டது; உள்ளே வழக்கமான மைக்குப்பி. அடிப்படை வகையில் நிப் எஃகு. தங்க நிப் வேண்டுமென்றால் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். அது மோசமான பேனா என்பதல்ல என் வாதம். வேறு பெயரில் வந்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஒரு செவ்வியல் நாவலின் உரிமையை வாங்கிய பதிப்பாளர், கடினமான அத்தியாயங்களை நீக்கி, பழைய அட்டைப்படத்தோடும் பழைய தலைப்போடும் வெளியிடுகிறார் என்று வையுங்கள். 'சுருக்கப் பதிப்பு' என்ற சொல் எங்கும் இல்லை. சட்டப்படி தவறில்லை, ஆனால் நாம் சும்மா இருப்போமா? பாடபேதத்துக்குச் சண்டையிடும் நாம் பொருள்களின் விஷயத்தில் மட்டும் அட்டையைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறோம்.

இன்றைய விலைவாசியில் பழைய முறையில் செய்வது சாத்தியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அரை நூற்றாண்டு இடைவெளிக்குப் பின் அச்சுகளையும் அளவுகளையும் மீட்பது பெரும் செலவு. ஆனால் ஜப்பானின் பைலட் நிறுவனம் 1963-ல் தொடங்கிய மூடியில்லாப் பேனாவைப் பலமுறை திருத்தியும் கைவிடாமல் இன்றும் தங்க நிப்போடு செய்துவருகிறது. நிறுத்தாமல் செய்துகொண்டிருப்பதே அறிவைச் சேமிக்கும் வழி. நிறுத்திவிட்டால் மிஞ்சுவது படங்களும் பெயரும்தான்.

வேடிக்கை என்னவென்றால், பழைய 51 இன்னும் கிடைக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் செய்தவை பெட்டிகளிலிருந்தும் ஏலங்களிலிருந்தும் வெளிவருகின்றன; கழுவி மை நிரப்பினால் பெரும்பாலானவை எழுதுகின்றன. எழுதாதவற்றுக்கு ரப்பர் உறுப்புகளைச் செய்து தருபவர்களும், அவற்றைப் பொருத்தித் தருபவர்களும் உலகெங்கும் சிறு பட்டறைகளில் இருக்கிறார்கள். ஜார்ஜ் பார்க்கர் மாணவர்களுக்குச் செய்த அதே வேலை. அந்த மரபின் உண்மையான வாரிசுகள் அவர்கள் என்றே எனக்குப் படுகிறது. அம்பு முத்திரைமீது அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பேனா வாங்க எண்ணும் நண்பர்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நிப்பை யார் செய்கிறார்கள்? கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா? பத்து ஆண்டுகள் கழித்து உதிரி உறுப்பு கிடைக்குமா? பதில் வராவிட்டால், நாம் வாங்குவது ஒரு பெயரைத்தான். தெரிந்தே வாங்கினால் அதில் தவறில்லை.