விருந்தும் விலைப்பட்டியலும்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பதே பொருள். புதிதாகப் புனையப்படும் நூலை விருந்து என்று வழங்கும் தொல்காப்பியம். வீடு தேடி வந்த புதியவரையும் அச்சொல் குறித்தது. காலப்போக்கில் அவர்க்கு இடும் உணவிற்கும் பெயராயிற்று. மும்பை வாழ் தமிழருள் ஒரு சாரார் இன்று அதற்கு நான்காவதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்திருக்கின்றனர். நண்பரின் பிறந்தநாளன்று நட்சத்திர ஓட்டலில் மேசை ஒதுக்கி, உண்டு, படம் பிடித்துக்கொண்டு, பில்லை யார் முதலில் கைப்பற்றுவது என்று போட்டியிட்டுக் கலைவதே அப்பொருள். அப்பொருளை மறுக்கவே இக்கட்டுரை.

மறுப்பு எதற்கு என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நலம். பிறந்தநாள் கொண்டாடுவது மேனாட்டு வழக்கம் என்று குறை கூற நான் வரவில்லை. வேந்தனின் பிறந்தநாளைப் பெருமங்கலம் என்று போற்றி, அதனைப் பாடாண் திணையில் வைத்தவர் தொல்காப்பியர். அன்று வேந்தன் சினம் தணிந்து அருள் செய்வான் என்பது மரபு. கேக் வெட்டுவதிலும் எனக்குப் பகையில்லை. வெளியே சென்று உண்பதும் குற்றமன்று. 1942-இல் மாதுங்காவில் ராம நாயக் தொடங்கிய உடுப்பி உணவகத்தின் இலைச் சாப்பாட்டை நினைத்தால் நாவூறாத பழைய பம்பாய்வாசி உண்டோ? ஓர் அறையில் ஐவராகத் தங்கி வேலை தேடிய தலைமுறைக்கு அத்தகைய இடங்களே தாய்வீடாயிருந்தன. என் வழக்கு ஒன்றே: நட்பின் வாயிலில் நுழைவுக் கட்டணம் வைக்கலாகாது.

ஊரோடு வாழ்பவர்க்கு நண்பர் வேறு, உறவினர் வேறு. பெயர்ந்து வந்த நமக்கோ நண்பரே உறவினர். நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் அடுத்த கட்டடத்துத் தமிழ்க் குடும்பத்தைத்தான் எழுப்புகிறோம். நம் பிள்ளைகள் சித்தப்பா என்றும் அத்தை என்றும் அழைப்பது பெரும்பாலும் இரத்த உறவற்றவரையே. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. ரயில்கள் நின்றன, இடுப்பளவு நீரில் நடந்தவர்கள் வழியில் கண்ட வீடுகளில் தங்கினர். அன்று கதவைத் திறந்தவர் எவரும் வந்தவரின் ஊதியத்தைக் கேட்டுத் திறக்கவில்லை. அத்தகைய உறவை இன்று ஊதிய வாரியாகப் பிரித்துவைக்கும் வேலையை இந்த ஓட்டல் விருந்து ஓசையின்றிச் செய்கிறது.

எப்படி என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு குடும்பங்கள் கூடி உண்டதற்கு 20,000 ரூபாய் ஆயிற்று என்று கொள்வோம். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைகளையுடைய ஓட்டலின் உணவகமாயின் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அதாவது 3,600 ரூபாய். சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நெறிமுறை வகுத்தது. தில்லி உயர்நீதிமன்றமும் 2025-இல் அதனை உறுதி செய்தது. ஆயினும் அக்கட்டணத்தை நீக்குமாறு நண்பர்கள் நடுவில் கேட்கத் துணிபவர் எத்தனை பேர்? சட்டம் தந்த உரிமையையும் கேட்கவொட்டாமல் வாயடைக்கும் இடத்தில் மனம் திறந்த நட்பு எங்ஙனம் தழைக்கும்?

அத்துடன் முடிந்ததா? அடுத்த திங்கள் இன்னொருவரின் பிறந்தநாள். முன்னவர் அழைத்த இடத்தினும் தாழ்ந்த இடத்திற்கு அழைக்க இவர்க்கு மனம் வருவதில்லை. புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளின் மொய்விருந்தை நம்மவர் சிலர் நகைப்பதுண்டு. ஆனால் மொய் நோட்டு பொய் சொல்வதில்லை. இன்னார் இவ்வளவு தந்தார், இவ்வளவு திருப்ப வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிவைக்கிறது. வந்த தொகையும் அழைத்தவர் கையில் தங்கி, அவர் தொழிலுக்கு முதலாகிறது. ஓட்டல் விருந்தும் மொய்தான்; நோட்டு இல்லாத மொய். இங்கே கடன் மட்டும் நம்மிடம் தங்குகிறது. பணம் ஓட்டலுக்குப் போய்விடுகிறது.

கடனைத் திருப்ப இயலாதவர் என்ன செய்வார்? முதன்முறை தலைவலி என்பார். மறுமுறை ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்பார். மூன்றாம் முறை அவரை யாரும் அழைப்பதில்லை. சண்டையில்லை, சொல்லில்லை, ஒரு குடும்பம் வட்டத்தினின்று உதிர்ந்துவிடுகிறது. தோல் பதனிடவும் கூலிவேலைக்குமாகத் திருநெல்வேலிச் சீமையினின்று வந்து தாராவியில் குடியேறியவரும் தமிழரே; அலுவலக வேலைக்கு வந்து செம்பூரிலும் மாதுங்காவிலும் வீடு கொண்டவரும் தமிழரே. இவ்விருவரின் பிள்ளைகளும் ஒரு மேசையில் அமரும் நாள் எந்நாள்? சங்க மேடையில் ஒற்றுமை பேசிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வேற்றுமை பரிமாறுவது நமக்கு அழகாகுமா?

“வீட்டில் விருந்தென்றால் பெண்கள் அல்லவா அடுப்படியில் வாட வேண்டும்?” என்று கேட்பர். நேர்மையான கேள்வி இது; மழுப்பாமல் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். இருபது பேருக்குச் சமைத்துப் பரிமாறிவிட்டுக் கடைசியில் ஆறிய சோற்றை உண்ட நம் தாய்மாரின் களைப்பின் மேல் கட்டிய விருந்தோம்பலை மீண்டும் எழுப்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெண்ணுக்கு விடுதலை தருவது ஓட்டலின் விலையா? காய் நறுக்க ஆண்களுக்குக் கையில்லையா? சாம்பாரை ஒரு வீடும் பாயசத்தை ஒரு வீடும் கொண்டுவரலாகாதா? அதுவும் இயலாதெனின் மெஸ்ஸில் சொல்லி வரவழைக்கலாம். எளிய உணவகம் ஒன்றிற்கு எல்லாருமாகப் போகலாம். உழைப்பைப் பகிர மனமில்லாத ஆடவர் பணத்தால் அக்குறையை மூடப் பார்ப்பதைப் பெண்ணுரிமை என்று பேர் சூட்டி அழைப்பது பொருந்தாது.

“என் உழைப்பு, என் பணம், நண்பனுக்காகச் செலவிடுவதைத் தடுக்க நீ யார்?” என்பர் வேறு சிலர். தாராளமாகச் செலவிடட்டும். ஆனால் அச்செலவு நண்பரின் மனத்தில் சுமையாக இறங்காதபடி செலவிடத் தெரிய வேண்டும். திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். அன்புடைமைக்கும் இனியவை கூறலுக்கும் இடையே அது நிற்கிறது. விருந்தினரின் மென்மைக்கு வள்ளுவர் அனிச்ச மலரை ஒப்புக்காட்டினார். அழைப்பவரின் முகம் சற்றே திரிந்தாலும் விருந்தினர் வாடுவர் என்பது அவர் கருத்து. நட்சத்திர ஓட்டலில் முகங்கள் யாவும் மலர்ந்தேயிருக்கும். ஆனால் விலைப்பட்டியலின் வலப்பக்கத்தைக் கண்டு, “எனக்குப் பசியில்லை, சூப் போதும்” என்று சொல்லும் நண்பரின் வாட்டத்தை யார் காண்கிறார்?

ஆகவே தமிழன்பர்க்கு என் வேண்டுகோள் இது. நம் கூட்டத்தில் மிகக் குறைந்த வருவாயுடையவர் எங்கே நம்மைக் கூச்சமின்றித் திருப்பி அழைக்க இயலுமோ, அவ்விடமே நம் எல்லார்க்கும் உரிய இடம் என்று கொள்வோம். ஊரினின்று புதிதாய் வந்து, இந்நகரில் ஒருவரையும் அறியாதிருக்கும் இளைஞர் ஒருவரையாவது ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அழைப்போம். விருந்து என்னும் சொல் அன்றே தன் பழம்பொருளைப் பெறும்.

உறையூர்ச் சோழனும் பிசிர் என்னும் ஊரின் புலவரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டனர் என்று புறநானூற்றால் அறிகிறோம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, பிசிராந்தையார் தவறாது வருவார் என்று கூறித் தன் அருகில் இடம் ஒதுக்கச் சொன்னான், அவரும் வந்தார். நண்பர்க்கு இடம் ஒதுக்குவது என்பது அது. மேசை ஒதுக்குவது எளிது, பணம் போதும். நெஞ்சில் இடம் ஒதுக்கியவரையே இந்த அயலூர் வாழ்வில் நாம் நம்பியிருக்கிறோம். அவர்களுள் ஒருவரையேனும் பில்லுக்கு அஞ்சி விலகச் செய்யும் விருந்து, விருந்தன்று.