கடல் கடந்த மாணவர்கள்: காப்பீடு அரசின் பொறுப்பு

வெளிநாடுகளில் பயின்றுவந்த இந்திய மாணவர்களில் 633 பேர் ஐந்தாண்டுகளில் உயிரிழந்துள்ளதாக 2024 ஜூலையில் ஒன்றிய அரசு மக்களவையில் தெரிவித்தது. இவர்களில் 172 பேர் கனடாவிலும் 108 பேர் அமெரிக்காவிலும் இறந்தவர்கள். நோய், விபத்து, தாக்குதல் எனக் காரணங்கள் பல. ஆனால், பெற்றோர் எதிர்கொள்ளும் கேள்விகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. மருத்துவமனைக் கட்டணத்தை யார் செலுத்துவது? உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவை யார் ஏற்பது? பல நேரங்களில் சக மாணவர்கள் இணையத்தில் நன்கொடை திரட்டித்தான் இதற்கு விடை காண வேண்டியிருக்கிறது.

2024ஆம் ஆண்டில் 13 லட்சத்திற்கும் அதிகமான இந்தியர்கள் அயல்நாடுகளில் பயின்றுகொண்டிருந்தனர். இவர்கள் அனைவரும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள், இவர்களைப் பற்றி உழைப்பாளர் இயக்கம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கருதக்கூடும். இது உண்மைக்கு மாறானது. பஞ்சாபின் சிறு விவசாயிகள் நிலத்தை விற்றும், தெலுங்கானாவிலும் ஆந்திராவிலும் கீழ்நடுத்தரக் குடும்பங்கள் வீட்டை வங்கியில் அடகு வைத்தும் பிள்ளைகளை அனுப்புகின்றன. உள்நாட்டில் உயர்கல்வி வணிகமயமானதும், படித்தவர்க்கு வேலை கிட்டாததும் அவர்களைத் துரத்துகின்றன. கடனில் சென்ற மாணவர் நோயுற்றால், குடும்பமே கடனில் மூழ்குகிறது.

சேருமிடத்தில் அவர்களின் மருத்துவப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. ஜெர்மனியில் 30 வயதுக்குட்பட்ட மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் பொதுக் காப்பீட்டில் சேர முடிகிறது. பிரிட்டனில் பொது மருத்துவ சேவையைப் பெற, ஆண்டுக்கு 470 பவுண்டாக இருந்த கூடுதல் கட்டணம் 2024 பிப்ரவரியில் 776 பவுண்டாக உயர்த்தப்பட்டது. மூன்றாண்டுப் படிப்புக்கு இது 2,328 பவுண்டு, அதாவது இரண்டரை லட்சம் ரூபாய்க்கும் அதிகம். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் தங்கும் காலம் முழுமைக்கும் தனியான மாணவர் காப்பீடு கட்டாயம். கனடாவின் மனிடோபா மாகாணம், தான் வழங்கிவந்த பொது மருத்துவக் காப்பீட்டிலிருந்து வெளிநாட்டு மாணவர்களை 2018இல் நீக்கியது.

அமெரிக்காவின் நிலை இன்னும் கடுமையானது. பரிமாற்றத் திட்டங்களில் செல்வோருக்கான ஜே-1 விசாவில் குறைந்தபட்சக் காப்பீட்டை அந்நாட்டு அரசே நிர்ணயித்திருக்கிறது. இந்திய மாணவர்களில் மிகப்பெரும்பாலோர் செல்லும் எஃப்-1 விசாவுக்கு அப்படியொரு விதியே இல்லை. பல்கலைக்கழகம் வைத்ததுதான் சட்டம். இங்கிருந்து மலிவாக வாங்கிச் செல்லும் பாலிசி தனது நிபந்தனைகளுக்குப் பொருந்தாது எனப் பல்கலைக்கழகம் மறுத்தால், மாணவர் இரண்டாவது முறையாகப் பிரீமியம் கட்ட வேண்டும். படிப்பு முடிந்து வேலைப் பயிற்சியில் இருக்கும் காலத்தில் பல்கலைக்கழகக் காப்பீடும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இந்த அச்சமே காப்பீட்டு நிறுவனங்களின் சந்தையாகிறது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் தெரிவது இழப்பீட்டுத் தொகை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான விலக்கு, மனநலச் சிகிச்சைக்கான வரம்பு, மாணவர் முதலில் தம் கையிலிருந்து செலுத்த வேண்டிய தொகை ஆகியவை சிறு எழுத்தில் ஒளிந்திருக்கின்றன. போரினால் நேரும் இழப்புகளைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. 2022இல் உக்ரைனில் சிக்கிய பல்லாயிரம் இந்திய மாணவர்களுக்கு அந்தப் பாலிசிகள் எந்த அளவுக்குக் கைகொடுத்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒன்றிய அரசு என்ன செய்கிறது? குறைந்த கல்வித் தகுதியுடன் வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயமாக உள்ளது. இரண்டாண்டுக்கு 275 ரூபாய் பிரீமியத்தில் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு அதில் கிடைக்கிறது. அதன் மருத்துவப் பலன் போதுமானதல்ல எனினும், அரசு நினைத்தால் இது முடியும் என்பதற்கு அதுவே சான்று. மாணவர்களுக்கு இத்தகைய திட்டம் இல்லை. தூதரகங்களில் உள்ள இந்திய சமூக நல நிதியும், வெளிநாட்டு இந்தியர்கள் தூதரகச் சேவைகளுக்குச் செலுத்தும் கட்டணத்திலிருந்து திரட்டப்படுவதுதான். அதிலிருந்து கிடைக்கும் உதவி தூதரகத்தின் முடிவைப் பொறுத்ததே தவிர, மாணவரின் உரிமை அல்ல.

2025 ஜூலையில் பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானபோது அரசின் முன்னுரிமை வெளிப்பட்டது. இந்திய நிறுவனங்கள் தற்காலிகமாக அங்கு அனுப்பும் ஊழியர்களுக்கு மூன்றாண்டுகள் அந்நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சந்தா செலுத்த வேண்டியதில்லை என்ற சலுகை அந்தப் பேச்சுவார்த்தையில் பெறப்பட்டது. நிறுவனங்களின் செலவு குறைந்ததை அமைச்சர்கள் பெரும் வெற்றியாகக் கொண்டாடினர். மாணவர்கள் செலுத்தும் 776 பவுண்டில் ஒரு பவுண்டுகூடக் குறையவில்லை.

1972இல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையாக்கப்பட்டதன் பயனாக உருவான நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் இன்றும் நம்மிடம் உள்ளன. அவற்றை வலுப்படுத்துவதற்கு மாறாக, அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழே செல்ல 2021இல் வழிவகுத்தது மோடி அரசு. 26 சதவீதத்தில் தொடங்கிய அந்நிய முதலீட்டு வரம்பு 49, 74 என உயர்ந்து, 2025 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்திருத்தத்தின் மூலம் 100 சதவீதமாகியுள்ளது. லாபமே குறியான மூலதனம், நோயாளி மாணவரைச் சுமையாக மட்டுமே காணும்.

மாற்றுப் பாதைக்கான தொடக்கம் கேரளத்தில் உண்டு. 1996இல் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில், புலம்பெயர்ந்தோருக்கென நோர்க்கா என்ற தனித்துறையே உருவாக்கப்பட்டது. வெளிநாட்டில் பயிலும் மாணவர்களுக்கு விபத்துக் காப்பீட்டுடன் கூடிய அடையாள அட்டையை அதன் நோர்க்கா ரூட்ஸ் அமைப்பு வழங்குகிறது. ஆயினும், அயல்நாட்டு அரசுடன் பேச்சு நடத்தும் அதிகாரம் மாநிலங்களிடம் இல்லை. அது ஒன்றிய அரசின் கடமை.

எனவே, வெளிநாடு செல்லும் மாணவர் அனைவருக்கும் நான்கு பொதுத்துறை நிறுவனங்களும் இணைந்து வழங்கும் ஒரே பாலிசியை ஒன்றிய அரசு உருவாக்க வேண்டும். முன்பே உள்ள நோய்களும் மனநலச் சிகிச்சையும், உடலைத் தாயகம் கொண்டுவரும் செலவும் அதில் அடங்க வேண்டும். கல்விக்கடனில் செல்லும் மாணவர்களின் பிரீமியத்தை அரசே ஏற்க வேண்டும். இந்திய மாணவர்களைப் பெருமளவில் ஈர்த்துக் கட்டணம் ஈட்டும் நாடுகளுடன், அவர்களின் மருத்துவப் பாதுகாப்பு குறித்து ஒப்பந்தம் காண வேண்டும்.

பொதுக் காப்பீட்டுத் துறையைக் காக்க ஊழியர்கள் நடத்தும் போராட்டமும், அனைவருக்கும் கல்வி கேட்கும் மாணவர் இயக்கமும் சந்திக்கும் இடம் இதுவே. பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டு அச்சத்துடன் ஊர் திரும்பும் பெற்றோரிடம் இந்தக் கோரிக்கைகளைக் கொண்டு செல்வோம்.