வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

சின்ன மில்லிங் மெஷின் ஒன்றை வீட்டில் வாங்கி வைத்துவிட்டு, “அடுத்து இதுக்கு என்ன மாட்டலாம்?” என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஒரு டயல் கேஜ், அதைப் பிடிக்க ஒரு மேக்னடிக் ஸ்டாண்ட். டிஜிட்டல் ரீட்அவுட், பால் ஸ்க்ரூ, சி.என்.சி. கிட் எல்லாம் அப்புறம். மெஷினுக்கு என்ன குறை என்று முதலில் டயல் சொல்லட்டும். அதற்குப் பிறகு பர்ஸைத் திறக்கலாம்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் குவாலிட்டி ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இம்பெல்லர், ஷாஃப்ட், பேரிங் ஹவுசிங் என்று மற்றவர்கள் செய்து அனுப்பியதை அளந்து, தேறும், தேறாது என்று எழுதுவது என் வேலை. அளக்கிற பக்கம் மட்டும் இல்லாமல் செய்கிற பக்கமும் ஒரு நாள் நிற்க வேண்டும் என்ற ஆசை அந்த அறையிலேயே பிடித்துக்கொண்டது. ஓய்வுப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, கணபதியில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு மெஷினை வைத்தேன். சீனாவில் வார்த்து, பல நாடுகளில் பல பெயர்களில் விற்கப்படும் வகை. எடை 60 கிலோ இருக்கும். வீட்டுக் கரண்டிலேயே ஓடும்.

லேத்தில் ஜாப் சுற்றும், டூல் நிற்கும். மில்லிங்கில் கட்டர்தான் சுற்றும். ஜாப்பை வைஸில் இறுக்கி, டேபிளைக் கைச்சக்கரத்தால் நகர்த்திக் கட்டருக்குக் கொடுக்க வேண்டும். தட்டையான முகம், நேரான பள்ளம், கீ வே, சொன்ன இடைவெளியில் துளைகள், இவையெல்லாம் மில்லிங்கின் வேலை.

“ரிட்டயர் ஆன பிறகும் எதுக்கு இரும்போட மல்லுக்கட்டறீங்க? ஜாப் ஒர்க் எடுக்கறீங்களா?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். வீட்டில் வீணை வாசிக்கிறவரிடம் கச்சேரி எப்போது என்று யாரும் கேட்பதில்லை. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. 1955-ல் வெட் கிரைண்டர் பிறந்ததும் இங்கேதான். அப்படிப்பட்ட ஊரில்கூட மெஷின் வேலை என்றால் வயிற்றுப்பாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட்டோம். டெலிவரி தேதி இல்லாமல், கண்காணிப்பவர் இல்லாமல், ஒரு முகத்தை ஒழுங்காக மட்டமாக்குவதில் மனசுக்குக் கிடைக்கிற நிறைவை அனுபவிக்க ஒரு வீட்டுக்கு உரிமை உண்டு என்று நான் நம்புகிறேன்.

அந்த உரிமைக்கு நல்ல முன்னோடி இருக்கிறார். உலகத்தின் அளவறைகள் எல்லாம் நம்பி நிற்கும் ஸ்லிப் கேஜைக் கொண்டுவந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த சி.இ. ஜோஹான்சன். எஸ்கில்ஸ்டூனா நகரில் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1896-ல் அவருக்கு அந்த யோசனை வந்தது. சின்னச் சின்ன எஃகுக் கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து வேண்டிய அளவைப் பிறப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டார். அவருடைய 102 கட்டைகளைக் கொண்ட செட்டில் சுமார் 20,000 அளவுகளை உண்டாக்க முடிந்தது. அந்தக் கட்டைகளைத் தேவையான துல்லியத்துக்குத் தேய்க்கத் தொழிற்சாலை மெஷின்கள் போதவில்லை. வீட்டிலிருந்த மனைவியின் தையல் மெஷினை மாற்றியமைத்து, அதில்தான் தேய்த்து முடித்தார். மனைவி மார்கரீட்டாவும் வீட்டு வேலைகளுக்கு நடுவே தேய்த்துக் கொடுத்தார். என் வாழ்நாளில் பாதி ஸ்லிப் கேஜ் பெட்டியோடு கழிந்தது. அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மார்கரீட்டாவைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இனி மெஷினுக்கு வருவோம். துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேலெல்லாம் கெட்டியான கிரீஸ் பூசி அனுப்புவார்கள். மண்ணெண்ணெய் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை, டீசலும் பிரஷும் போதும். மேலாகத் துடைத்துவிட்டு ஓட்டத் தொடங்கக் கூடாது. டேபிளையும் சேடிலையும் கழற்றி, அடியில் தங்கியிருக்கும் வார்ப்பு மணலையும் இரும்புத் தூளையும் எடுத்து, விளிம்புப் பிசிறுகளை எண்ணெய்க்கல்லால் தடவி, 68 கிரேடு எண்ணெய் போட்டுத் திரும்பப் பூட்ட வேண்டும். ஜிப் என்கிற மெல்லிய பட்டையைச் சரிசெய்வது அடுத்தது. இறுக்கினால் டேபிள் கனக்கும், தளர்த்தினால் ஆடும். கைச்சக்கரம் ஒரே சீரான கனத்தோடு சுற்றும் இடம் ஒன்று நடுவில் இருக்கிறது. அதைக் கைதான் கண்டுபிடிக்கும்.

நிறுத்துவதற்கு மர மேசை ஆகாது. சதுரக் குழாயில் வெல்டிங் வைத்த ஸ்டாண்ட், மேலே தடித்த தகடு. போல்ட்டை முறுக்கும்போது மெஷினின் அடிப்பாகம் முறுக்கிக்கொள்கிறதா என்று டயல் வைத்துப் பார்த்தே இறுக்க வேண்டும். பழைய த்ரீ ஃபேஸ் மெஷின் வாங்குகிறவர்கள் வி.எஃப்.டி. என்கிற மின்சாதனத்தை வைத்துச் சிங்கிள் ஃபேஸில் ஓட்டலாம். மோட்டாரை டெல்டாவுக்கு மாற்றும் வேலையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எர்த் மட்டும் கட்டாயம்.

இப்போது டயல். ஸ்டாண்டை டேபிள் மேல் ஒட்டவைத்து, டயலின் முனையை, கட்டரைச் சுற்றவைக்கும் ஸ்பிண்டிலின் மூக்கில் தொடவைத்தேன். ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்டை உள்ளங்கையால் பின்னே தள்ளினேன். முள் எட்டு கோடு போய்விட்டுத் திரும்பியது. ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. வெறும் கையால் தள்ளினாலே எட்டு கோடு அசைகிற தலை, எஃகை வெட்டும்போது கட்டர் கொடுக்கும் அடியை எப்படித் தாங்கும்? ஸ்டாண்டைக் கீழே இறக்கி, ஹெட்டைத் தாங்கும் தூணின் அடியில் முனையை வைத்து மறுபடி தள்ளினேன். அங்கேயும் முள் நகர்ந்தது. இந்த வகை மெஷினில் தூணைப் பக்கவாட்டில் சாய்க்கும் வசதிக்காக, மொத்தத் தூணையும் ஒரே ஒரு பெரிய நட் பிடித்துக்கொண்டிருக்கும். காசு போக வேண்டிய முதல் இடம் அதுதான் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அடுத்து ஸ்பிண்டிலில் டயலைப் பிடிக்கவைத்து, டேபிள் மேல் 150 மில்லிமீட்டர் வட்டம் சுற்றவிட்டேன். இடம் வலம் சரியாக இருந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் ஐந்து கோடு வித்தியாசம். படிக்கிறவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். 60 மில்லிமீட்டர் ஃப்ளை கட்டரை இப்படிச் சாய்ந்த தலையில் மாட்டி ஒரு தகட்டைச் சீவினால், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே இரண்டு கோடு உயரத்துக்குப் படி விழும். கண்ணுக்கு அது பளபளப்பாகத்தான் இருக்கும். நகத்தால் குறுக்கே தடவினால் ஒவ்வொரு படியும் தட்டுப்படும். தூணின் அடியில் ஷிம் என்கிற மெல்லிய பித்தளைத் தகட்டை வைத்து அந்த ஐந்து கோட்டை ஒரு கோட்டுக்குள் கொண்டுவந்தேன். பிறகு, தடித்த எஃகுத் தகடு ஒன்றை வெட்டி, தூணின் முதுகையும் அடிப்பாகத்தையும் சேர்த்து போல்ட் போட்டேன். கையால் தள்ளினால் இப்போது முள் இரண்டு கோட்டைத் தாண்டுவதில்லை. ஷிம், தகடு, போல்ட், இவற்றைவிட மலிவான அப்கிரேடு இந்த மெஷினுக்குக் கிடையாது. வேலையின் தரத்தை இந்த அளவுக்கு மாற்றிய வேறு எதுவும் கிடையாது.

பக்கத்துத் தெருவில் இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவன் அடிக்கடி வருவான். கெட்டிக்காரன், எனக்கு ரொம்பப் பிடித்தவன். அவனும் இதே வகை மெஷின் வாங்கியிருக்கிறான்.

“பெரியம்மா, சி.என்.சி. கிட்டைப் போட்டுட்டா இந்தக் கோணல் எல்லாம் கம்ப்யூட்டரே திருத்திக்காதா?”

“கண்ணு, தூண் சாயறது கம்ப்யூட்டருக்கு யாரு சொல்லுவாங்க?”

அந்த கிட்களில் வரும் ஸ்டெப்பர் மோட்டாருக்குச் சொன்ன அளவு சுற்றத்தான் தெரியும். கட்டரின் முனை உண்மையில் எங்கே நிற்கிறது என்று அது பார்ப்பதில்லை. ஆடுகிற மெஷினில் சி.என்.சி. பொருத்தினால், தப்பான அளவை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்து கொடுக்கும். பால் ஸ்க்ரூவும் அப்படித்தான். உராய்வு மிகக் குறைவு என்பதால் மோட்டார் பிடித்திருக்கும்போது அருமையாக வேலை செய்யும். கைச்சக்கரத்தால் ஓட்டுகிற மெஷினில், வெட்டும் விசையே டேபிளை இழுத்துக்கொண்டு போய்விடும். சாதாரண ஸ்க்ரூவில் கொஞ்சம் பிளே இருக்கிறதே என்று வருத்தப்படுகிறவர்கள், கட்டர் சுற்றும் திசைக்கு எதிராக ஜாப்பைக் கொடுத்தால் அந்த பிளே ஒரே பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். இதையெல்லாம் கையால் ஓட்டிப் பழகியவர்கள் நாளைக்கு சி.என்.சி. போட்டால் எனக்கு முழுச் சம்மதம்.

ஹெட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கியர், கட்டர் திடீரென்று கடித்தால் பல் உடையும். அதை எடுத்துவிட்டு பெல்ட் போட்டால் சத்தமும் குறையும், கட்டர் சிக்கினால் பெல்ட் வழுக்கி மெஷினைக் காப்பாற்றும். இதற்கு வேண்டிய மோட்டார் பிளேட்டை இதே மெஷினில்தான் செய்தேன். தன் குறையைத் தானே தீர்த்துக்கொள்ள ஒரு மெஷினால் முடிகிறது என்பதில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. பிளேட் 12 மில்லிமீட்டர் அலுமினியம், அகலம் 100. அலுமினியத்தைச் சீவி முடித்த சூட்டோடு அளக்கக் கூடாது. ஜாப் அறையைவிட 25 டிகிரி சூடாக இருந்தால், 100 மில்லிமீட்டருக்கு கிட்டத்தட்ட ஆறு கோடு கூடுதலாகக் காட்டும். உலகம் முழுக்க அளவுகளைச் சொல்வது 20 டிகிரிக்கு. நம் ஊர் ஷெட்டில் அது நடக்காது. ஜாப்பும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருப்பதையாவது நாம் செய்யலாம். நான் அந்த நேரத்தில் டீ போடப் போய்விடுவேன்.

ஹெட் தானாகக் கீழே சரியாமல் இருக்க கேஸ் ஸ்ப்ரிங், அப்புறம் டிஜிட்டல் ரீட்அவுட் என்று வரிசை போகும். ரீட்அவுட் நல்ல சாதனம், கண்ணுக்கு ஓய்வு. ஆனால் திரையில் ஐந்து மைக்ரான் தெரிகிறது என்பதற்காக மெஷின் ஐந்து மைக்ரானுக்கு வெட்டுகிறது என்று அர்த்தமில்லை.

பெண்கள் யாராவது இதைப் படித்துவிட்டு மெஷின் பக்கம் வந்தால் ஒன்று சொல்ல வேண்டும். புடவையோ துப்பட்டாவோ, மேலே கோட் போட்டு, நுனியை உள்ளே செருகி, முடியைக் கொண்டை போட்டுவிட்டு ஸ்விட்சைத் தொடுங்கள். வளையலைக் கழற்றுங்கள். கண்ணாடி கட்டாயம், கையுறை கூடவே கூடாது. சுற்றுகிற கட்டர் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். சீவலைப் பிரஷால் தள்ளுங்கள், விரலால் வேண்டாம். ஹெட்டுக்கு மேல், கட்டரைப் பிடிக்கும் காலட்டை இறுக்கும் ஸ்பேனரை எடுத்துவிட்டீர்களா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

வீட்டில் மெஷின் வைக்கிறவர்களுக்கு உண்மையில் இல்லாதது சரிபார்க்க ஓர் இடம். நல்ல டயல் ஒன்றை வாங்கிவிடலாம். புனேயில் செய்யும் பேக்கர் டயல்களே போதும். கிரானைட் சர்ஃபேஸ் பிளேட், ஸ்லிப் கேஜ் செட், மாஸ்டர் ஸ்கொயர் இவற்றை ஒரு வீடு வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை. அரசு ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் இவற்றுக்கென்றே அறை இருக்கிறது. விடுமுறை நாளில் அது பூட்டிக் கிடக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த அறையைத் திறந்துவிடுங்கள் என்று தொழிற்பயிற்சித் துறையைக் கேட்கிறேன். வீட்டில் செய்த ஜாப்பை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து அளந்து பார்த்துக்கொண்டு போகட்டும். கருவியைத் தப்பாகத் தொட்டுவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. அதற்கு, பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். டூல் ரூமிலும் குவாலிட்டியிலும் ஓய்வு பெற்றவர்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், கூப்பிட்டால் சம்பளம் கேட்காமல் வருவார்கள். முதல் சனிக்கிழமைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.