வெள்ளித்திரையில் எள்ளல்

அண்மையில் கண்ட திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் பற்றி எம் கருத்தை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். நல்ல படம் இது, நலிந்த படம் இது என்று பிரித்துக் காட்டுவதையே அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அப்பணியை இதழ்கள் வாரந்தோறும் செய்து வருகின்றன. எம் மனத்தில் தங்கியவை படங்களல்ல. அவற்றைப் பார்க்கையில் எழுந்த சிரிப்பும், அச்சிரிப்பில் யாமும் கலந்துகொண்டதுமே. ஆதலின் இக்கட்டுரையை அச்சிரிப்பின்மேல் தொடுத்த வழக்கு எனக் கொள்க. குற்றவாளிக் கூண்டில் எம்மையும் சேர்த்தே நிறுத்தியுள்ளோம்.

தலைநகரில் தமிழ்ப் படம் பார்ப்பது ஒரு காலத்தில் திருவிழாவுக்குச் செல்வது போன்றது. ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சி ஒன்றே கிடைக்கும். கரோல் பாக்கிலிருந்தும் ராமகிருஷ்ணபுரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பேருந்து ஏறி வருவார்கள். இன்று படம் வெளியாகும் நாளிலேயே இங்கும் வந்துவிடுகிறது. திரையின் அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடுவதால் பிறமொழி நண்பர்களையும் அழைத்துச் செல்ல முடிகிறது. அவ்வாறே எம் பக்கத்து வீட்டு நண்பர் ஒருவரை அழைத்துச் சென்றோம். இந்தி பேசுபவர்; இருபது ஆண்டுப் பழக்கம்; எம் வீட்டுப் பொங்கலுக்கு முதல் கிண்ணம் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

படத்தின் நடுவே ஒரு வட்டிக்கடைச் சேட்டு வந்தார். தொந்தி, தலைப்பாகை, வாய் நிறைய வெற்றிலை. 'நம்பள்கி' என்று தொடங்கி ஒரு தொடரைக் கடித்துக் குதறினார். நகைச்சுவை நடிகர் அவர் பிடரியில் தட்டி ஏதோ சொன்னார். அரங்கம் அதிர்ந்தது. யாமும் சிரித்தோம். அடியில் ஓடிய ஆங்கிலம் அச்சொல்லை எப்படியோ மழுப்பிவிட்டது போலும். நண்பர் எம் காதருகே குனிந்து, எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். அது ஒரு சொல் விளையாட்டு, மொழிபெயர்த்தால் சுவை போய்விடும் என்றோம். மொழிபெயர்க்க இயலாதது அதில் ஒன்றுமே இல்லை. மொழிபெயர்க்க எமக்கு நாணமாக இருந்தது, அவ்வளவே.

இனி, அந்த நாணத்தின் மறுபக்கத்தைக் கூறவேண்டும். வடநாட்டில் வாழும் தமிழர்க்கு 'பதோசன்' என்ற இந்திப் படத்தை நினைவூட்டத் தேவையில்லை. 1968இல் வந்த அப்படத்தில் மெஹ்மூத் ஏற்ற பிள்ளை என்னும் இசை ஆசிரியர், குடுமியும் நெற்றிச் சின்னமும் விந்தையான உச்சரிப்புமாக வந்து, ஒரு தலைமுறைக்கே தென்னாட்டாரின் உருவத்தை வரைந்து கொடுத்துவிட்டார். மெஹ்மூத் பெருங்கலைஞர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆற்றல் மிக்கவர் வரைந்த கேலிச்சித்திரமாதலால்தான் அது அழியாமல் நின்றது. அப்படத்தின் புகழ்பெற்ற பாட்டுப் போட்டியில் நடப்பது என்ன? எதிரில் நிற்பவன் தானாகப் பாடவில்லை. மறைந்திருக்கும் நண்பன் பாட, இவன் வாயை மட்டும் அசைக்கிறான். முறையாக இசை கற்ற பிள்ளை தோற்கிறார்; வாயசைத்தவன் வெல்கிறான். அதற்குத்தான் ஊரே சிரித்தது.

அதன்பின் வந்தவை யாவும் அந்த அச்சில் வார்த்தவையே. 1990இல் 'அக்னிபத்' படத்தில் மிதுன் சக்கரவர்த்தி இளநீர் விற்கும் கிருஷ்ணன் ஐயராக, எம்.ஏ. பட்டத்தைப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தார். 2011இல் 'ரா.ஒன்' படத்துச் சேகர் சுப்பிரமணியம் நூடுல்ஸில் தயிர் ஊற்றிக் கையால் பிசைந்து உண்டார்; தமிழர் வீடுகளில் எவரும் கண்டறியாத உணவு அது. 2013இல் 'சென்னை எக்ஸ்பிரஸ்' அரிவாளையும் லுங்கியையும் ஊர் முழுதும் பரப்பி வைத்தது. 2021இல் வந்த 'மீனாட்சி சுந்தரேஷ்வர்' மதுரையில் நடக்கும் கதை. அம்மதுரையில் பாட்டி முதல் பேரன் வரை பேசியது இந்தி.

இவற்றால் நம் பிள்ளைகள் பள்ளியில் பட்டது பொய்யன்று. எம் இளைய மகளை வகுப்பில் சில திங்கள் 'ஐயோஐயோ' என்றே அழைத்தார்கள். அவள் அதை எம்மிடம் சொல்லவில்லை. தமிழில் பேசுவதை வீட்டு வாயிலோடு நிறுத்திக்கொண்டாள். காரணம் தெரிய ஓராண்டு ஆயிற்று. இதை எழுதும்போது எமக்கு இன்னும் சினம் வருகிறது.

ஆனால் இந்தித் திரை முழுவதும் இப்படித்தான் என்று ஒரே கோலால் அடிப்பதும் முறையன்று. 1981இல் கே. பாலசந்தர் எடுத்த 'ஏக் தூஜே கே லியே' படத்தில் கமல்ஹாசன் ஏற்ற வாசு இந்தி அறியாத தமிழ் இளைஞன். அவன் இந்தியில் தடுமாறுகிறான். அத்தடுமாற்றத்தில் நகையும் உண்டு. எனினும் எவரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை; அவனோடு சேர்ந்து சிரித்தார்கள், இறுதியில் அவனுக்காக அழுதார்கள். அவனுக்குக் குரல் கொடுத்த எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் ஒலிப்பைப் பற்றி இசையமைப்பாளர்கள் தயங்கியபோது, பாடுபவன் தென்னாட்டான், அவ்வொலிப்பே பொருந்தும் என்று பாலசந்தர் வாதிட்டதாகச் சொல்வர். அப்பாடலுக்கே தேசிய விருது கிடைத்தது.

1980களின் பிற்பாதியில் தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' தொடரில் சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயணின் மாந்தர் யாவரும் இந்தியே பேசினர். படமெடுத்த ஊர் கருநாடகத்து ஆகும்பே. ஆயினும் சிறுவன் சுவாமி இந்தி பேசியதைக் கண்டு எந்தத் தமிழர் வீட்டிலும் புண்பட்டவர் இல்லை. மதுரைப் படத்தின் இந்தி உறுத்தியது. மால்குடியின் இந்தி உறுத்தவில்லை. மொழி அன்று காரணம். அம்மாந்தரை எடுத்தவர் எவ்வளவு மதித்தார் என்பதே காரணம். 'தி ஃபேமிலி மேன்' தொடரின் 2021ஆம் ஆண்டுப் பகுதியிலும் சென்னையில் இருப்பவர்கள் தமக்குள் தமிழிலேயே பேசினர். இந்தி நேயர் எழுத்துகளைப் படித்துப் பொருள் கொண்டனர். அது ஈழத்தவரைக் காட்டிய விதத்தை எதிர்த்துத் தமிழ்நாட்டு அரசே ஒன்றிய அரசுக்கு எழுத நேர்ந்தது. அவ்வெதிர்ப்பில் எமக்கும் உடன்பாடு உண்டு. அது தனி வழக்கு.

இப்போது எம் வழக்கின் நடுப்பகுதிக்கு வருகிறோம். தொல்காப்பியர் நகை பிறக்கும் களன்களை நான்காக வகுத்து, அவற்றுள் எள்ளலை முதலில் வைத்தார். உரை வகுத்த பேராசிரியர் அவ்வெள்ளலை இரண்டாக்கிக் காட்டுவார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று; பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. இரண்டாவதற்கு இக்காலத்தில் நாம் ஆயத்தமாக இல்லை. முதலாவதையோ எவ்வளவு கிடைத்தாலும் வேண்டாம் என்பதில்லை. பிள்ளையைக் கண்டு கொதித்தெழும் நாம் சேட்டைக் கண்டு ஏன் கைதட்டுகிறோம்?

தமிழ்த் திரையின் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். வட்டிக்கடைச் சேட்டு எத்தனை தலைமுறையாக நமக்குச் சிரிப்பு மூட்டி வருகிறார்! தேநீர்க்கடை மலையாளியும் இரவுக்காவல் கூர்க்காவும் அவருக்குத் துணை. 2017இல் வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று' திறம்பட எடுத்த படம். 2005இல் சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் கொலையுண்டது உள்ளிட்ட உண்மை நிகழ்ச்சிகளை அடியொற்றியது. கொள்ளையரைக் கொள்ளையர் என்று காட்டுவதில் தவறில்லை. ஆயினும் ஒரு குலத்தின் வரலாற்றையே கொள்ளையின் வரலாறாக அப்படம் விரித்துரைத்தபோது எமக்கு உடல் கூசிற்று. குற்றப் பரம்பரைச் சட்டம் பவாரியாக்கள் மேல் மட்டுமா பாய்ந்தது? அச்சட்டத்தை எதிர்த்து 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக் குண்டுக்கு மடிந்தவர்கள் தமிழர்கள். அந்நிகழ்ச்சியை நெஞ்சில் வைத்திருக்கும் மொழியில் இப்படி ஒரு படத்தை எடுத்தவர்க்கு இருமடங்கு எச்சரிக்கை வேண்டும்.

2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தை யாம் போற்றுகிறோம். குறவர் குடும்பம் ஒன்றுக்கு 1993இல் நேர்ந்த கொடுமையையும், வழக்கறிஞராக இருந்த சந்துரு அவர்களின் போராட்டத்தையும் அது நாடறியச் செய்தது. அத்தகைய படத்தில் ஒரு கறை. இந்தியில் விடையளிக்கும் அடகுக்கடைக்காரரைக் காவல்துறை உயர் அலுவலர் கன்னத்தில் அறைந்து, தமிழில் பேசு என்கிறார். அந்த ஆள் உண்மையை மறைக்கவே இந்தியில் பேசினார், ஆகவே அறைந்தார் என்று நண்பர்கள் வாதிட்டார்கள். அப்படியாயின் இந்திப் பதிப்பில் அதே இடத்தில் 'உண்மையைச் சொல்' என்று மாற்றியதைத் தமிழிலும் வைத்திருக்கலாமே! கதைக்கு வேண்டியது அதுதான். தமிழ்ப் பதிப்பில் இருப்பது கைதட்டலுக்கு வேண்டியது. காவலரின் கை எளியவர்மேல் விழுவதை எதிர்த்து எழுந்த ஒரு படத்திலேயே, காவலரின் கை ஒருவர் கன்னத்தில் விழுவதைக் கண்டு நாம் மகிழ்ந்தோம்.

இந்தி ஆளும் மொழி, அதிகாரத்தை எள்ளுவது எளியவர் உரிமை என்பார் சிலர். இவ்வாதம் வலிமையுடையது, எளிதில் தள்ளற்பாலதன்று. திணிப்பை எதிர்த்து 1965இல் உயிர் கொடுத்தவர்களின் வழிவந்தோர் நாம். திணிப்புக்கு ஆணையிடுபவர்களைத் திரையில் எள்ளுங்கள். யாம் முன்வரிசையில் அமர்ந்து சிரிக்கிறோம். ஆனால் நம் படங்களில் அடிவாங்குபவர் யார்? அமைச்சரா, செயலரா? இப்போது சேட்டுக்கு அடுத்தபடி சிரிப்புக்கு இலக்காகியிருப்பவர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, சென்னையில் கட்டடச் சாரத்தில் ஏறி நிற்பவர். திருப்பூரில் பனியன் ஆலையில் இரவுப்பணி பார்ப்பவர். நெடுஞ்சாலை உணவகத்தில் புரோட்டாவுக்கு மாவு பிசைபவர். அவர் எந்த ஆணையில் கையெழுத்திட்டார்? அவர் உடைத்துப் பேசும் தமிழ் வயிற்றுப் பிழைப்புக்காகக் கற்ற தமிழ். நம் பெற்றோர் இங்கு வந்திறங்கிய நாளில் காய்கறி வண்டிக்காரரிடம் பேசிய இந்தியும் அவ்வாறே இருந்தது. எம் தாயார் கடைசிவரை ஆண்பால் பெண்பால் வேறுபாடின்றி இந்தி பேசினார். அவரைப் பார்த்து அந்த வண்டிக்காரர் ஒருநாளும் சிரித்ததில்லை.

வெறும் நகைச்சுவையை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா என்று கேட்போர்க்கு, பம்பாயில் வாழ்ந்த நம்மவர் விடை சொல்வர். 1966இல் தொடங்கப்பட்ட சிவசேனை தென்னாட்டாருக்கு எதிராகக் கிளர்ந்தபோது, லுங்கி கட்டியவரே அடையாளமாகக் காட்டப்பட்டார்; உணவகங்கள் தாக்கப்பட்டன. படம் பார்த்தவர் யாவரும் கல்லெறிந்தார் என்று யாம் கூறவில்லை. கல்லெறிபவனுக்கு ஆளைக் காட்டிக் கொடுப்பது ஒரு கேலிச்சித்திரம் என்கிறோம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான ஒளிப்படங்கள் பரவின. அஞ்சிய தொழிலாளர் பலர் ஊர் திரும்பத் தொடர்வண்டி நிலையங்களில் கூடினர். பீகார் அரசு உண்மையறிய ஒரு குழுவை அனுப்பியது. செய்தி பொய்யென்று விரைவில் தெளிவாயிற்று. பரப்பியோர்மேல் வழக்கும் பாய்ந்தது. ஆனால் ஒரு பொய் ஏன் அத்தனை எளிதாக நம்பப்பட்டது? நாள்தோறும் தம்மை 'வடக்கன்' என்று விளித்துச் சிரிக்கும் ஊரில், அடுத்து அடி விழும் என்று அவர்கள் நம்பியது வியப்பா?

அச்சொல்லையே பெயராகக் கொண்டு ஒரு படம் எடுக்கப்பட்டது. பாஸ்கர் சக்தி எழுதி இயக்கியது. தணிக்கைக் குழு 'வடக்கன்' என்ற பெயருக்கு இசையாததால் 2024இல் 'ரயில்' என்ற பெயரோடு வெளிவந்தது. விந்தை என்னவென்றால், அச்சொல்லின் நஞ்சை முறிக்கவே எடுத்த படம் அது. குடியில் வேலையையும் இல்லறத்தையும் தொலைத்துக்கொண்டிருக்கும் ஒரு தமிழன், பக்கத்தில் குடியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளியை வெறுக்கிறான். தன் கேட்டுக்கெல்லாம் அவனே காரணம் என எண்ணுகிறான். அத்தொழிலாளி இறந்துபோக, அவன் வீட்டார் வடக்கிலிருந்து வந்து சேர்கிறார்கள். படத்தில் நீட்டலும் உண்டு, சில இடங்களில் நடிப்புப் பழக்கமின்மையும் தெரிகிறது. ஆயினும் அயலார் ஒருவரின் துயரைத் தமிழ்த் திரை வாசல் திறந்து வரவேற்றது எமக்கு நிறைவளித்தது. அப்படம் அரங்குகளில் கவனிப்பாரின்றிப் போயிற்று. சேட்டு வந்த படமோ பல வாரம் ஓடிற்று.

அண்மையில் ஒரு மாலை, அதே பக்கத்து வீட்டு நண்பரை எம் வீட்டுக்கு அழைத்து 'ரயில்' படத்தைப் போட்டோம். யாமே அருகிலிருந்து ஒவ்வொரு தொடருக்கும் இந்தியில் பொருள் சொன்னோம். இம்முறை எதையும் மழுப்பவில்லை. கதைத்தலைவன் உமிழும் வசவுகளையும் அப்படியே சொன்னோம். அவர் முகம் மாறவில்லை. தேநீர் மட்டும் ஆறிப்போயிற்று. இறந்தவனின் வீட்டார் வந்து நிற்கும் காட்சியில் அவருக்குப் பொருள் சொல்லத் தேவைப்படவில்லை. முடிந்தபின் சற்று நேரம் பேசாதிருந்து, படத்தின் பெயர் என்ன என்று கேட்டார். 'ரயில்' என்றோம். முதலில் வைத்திருந்த பெயரைச் சொல்ல எமக்கு நா எழவில்லை.