காரணம்: காய்ச்சல்

இந்தியாவில் அதிகம் எழுதப்படும் புனைகதை எது என்று கேட்டால், தயங்காமல் விடுப்புக் கடிதம் என்று சொல்லிவிடலாம். அதில் ஒரே பாட்டி மூன்று முறை சாகிறாள். கிரிக்கெட் மேட்ச் நடக்கும் நாட்களில் ஊரெங்கும் வயிற்றுப்போக்கு பரவுகிறது. மேலதிகாரிக்கு எல்லாம் தெரியும். அவரும் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் இதே இலக்கியத்தை வளர்த்தவர்தான். ஒரு புன்னகையோடு கையெழுத்துப் போட்டுவிடுகிறார். யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

ஆனால் இந்தப் பொய்களில் ஒரு வகை மட்டும் சிரிப்பதற்குரியதல்ல. வீட்டில் உண்மையிலேயே ஒரு சாவு நடந்திருக்கிறது. அழுது முகம் வீங்கியிருக்கிறது. ஆனாலும் கடிதத்தில் 'காய்ச்சல்' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. காரணம், இறந்தது நாய்.

நகரத்து மத்தியதர வர்க்கக் குடும்பங்களில் நாயின் இடம் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டது. வாசலில் கட்டிக் கிடந்தது கூடத்துக்கு வந்து, பிறகு படுக்கையறைக்குள்ளும் வந்துவிட்டது. பையன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அடம்பிடித்து வாங்கிய குட்டி, அவன் என்ஜினீயரிங் முடித்து வேறு ஊருக்குப் போகும்போது கிழடாகியிருக்கும். மகன் போன பிறகு அந்த வீட்டில் வாசலுக்கு ஓடி வந்து வரவேற்கிற ஜீவன் அது ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தினமும் காலை ஐந்தரைக்குத் தட்டி எழுப்பிய ஒன்று, ஒருநாள் எழுப்பாமல் போவது சின்ன விஷயமல்ல.

அந்த நாளில் துக்கம் மட்டுமல்ல, வேலையும் இருக்கிறது. தோட்டமுள்ள தனிவீடு என்றால் ஒரு மூலையில் குழி தோண்டி, உப்பும் சுண்ணாம்பும் போட்டுப் புதைத்துவிடலாம். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருப்பவர் என்ன செய்வார்? மும்பை மாநகராட்சி 2023இல் மலாடில் செல்லப்பிராணிகளுக்கென்று எரிவாயுவால் இயங்கும் தகன மேடை ஒன்றைத் திறந்தது. அத்தகைய வசதி உள்ள நகரங்கள் குறைவு. மற்ற இடங்களில் கால்நடை மருத்துவரைக் கேட்டு, ஒரு வண்டி பிடித்து, டிரைவரிடம் கெஞ்சி, ஊருக்கு வெளியே ஓர் இடம் தேட வேண்டும். இதையெல்லாம் முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து தப்பில்லாமல் பணம் எண்ண வேண்டும் என்று எதிர்பார்ப்பது வங்கிக்கேகூட நல்லதல்ல.

அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா, இந்த மாதிரித் துக்கங்களுக்கென்று 1989இல் ஒரு கருத்தை முன்வைத்தார். சமூகம் ஒப்புக்கொள்ளாத, வெளியே சொல்ல உரிமை இல்லாத, யாரும் வந்து விசாரிக்காத துக்கம் என்று அதை விளக்கலாம். கருச்சிதைவு, ஊரறியாத உறவு, வளர்ப்புப் பிராணியின் மரணம் எல்லாம் இந்த வகையில் அடங்கும். இழப்பு ஒரு சுமை என்றால், அதை மறைப்பது இன்னொரு சுமை என்பதுதான் இதன் சாரம். நமது விடுப்புக் கடிதம் இந்த இரண்டாவது சுமையைத் தன் பங்குக்கு ஏற்றிவைக்கிறது.

விதிகளைப் பார்த்தால் இந்தப் பொய்க்குக் காரணம் ஊழியர் மட்டுமல்ல என்று தெரியும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு என்று வகுத்தது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே கணக்குதான். பழைய சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. விடுப்பு வேண்டுமென்றால் குறைந்தது 15 நாள் முன்னதாக எழுதிக் கேட்க வேண்டும். நோய் என்றால் மட்டும் விதிவிலக்கு. மரணம் 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருவதில்லை. ஆக, வீட்டில் எது நடந்தாலும் காய்ச்சல் என்று எழுதுவதே பத்திரமான வழி என்பதைத் தொழிலாளிக்கு விதியே கற்றுக்கொடுத்துவிட்டது.

மத்திய அரசு ஊழியர்களின் நிலை இதைவிடப் பெரிதாக மாறுபட்டதல்ல. ஆண்டுக்கு 12 நாளாக இருந்த தற்செயல் விடுப்பு, ஐந்தாவது ஊதியக் கமிஷனுக்குப் பிறகு 1998இல் 8 நாளாகக் குறைந்தது. 1972ஆம் ஆண்டின் விடுப்பு விதிகளில் மகப்பேறுக்கு இடமுண்டு, குழந்தை வளர்ப்புக்கு இடமுண்டு. துக்கம் என்ற தலைப்பில் ஒன்றும் கிடையாது. பெற்ற தாய் இறந்தாலும் தற்செயல் விடுப்போ ஈட்டிய விடுப்போதான். பிறந்த உடனே குழந்தையை இழந்த பெண் ஊழியருக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு உண்டு என்ற உத்தரவே 2022 செப்டம்பரில்தான் வந்தது. தாய்க்கே இவ்வளவு தாமதம் என்னும்போது நாய்க்கு என்ன அவசரம் என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் இந்தியர்களுக்கு மிருகங்களுக்காகத் துக்கப்படத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1993 மும்பைக் குண்டுவெடிப்புகளை அடுத்து 3,000 கிலோவுக்கும் அதிகமான ஆர்.டி.எக்ஸைக் கண்டுபிடிக்க உதவிய போலீஸ் நாய் ஸன்ஜீர், 2000 நவம்பரில் புற்றுநோயால் இறந்தது. மலர்வளையம் வைத்து முழு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். மத்தியப் பிரதேசத்தின் ராஜ்கர் மாவட்டத்தில் ஒரு கிராமம், இறந்துபோன ஒரு லங்கூர் குரங்குக்கு ஊர்வலமும் ஈமக்கிரியையும் நடத்தி, 2022 ஜனவரியில் ஊர்கூடிச் சாப்பாடும் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியதால், கொரோனா விதிகளை மீறியதாக வழக்கே பதிவாயிற்று. இதிகாசத்துக்குப் போனால், தன்னோடு கடைசிவரை நடந்து வந்த நாயை வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னபோது, சொர்க்கமே வேண்டாம் என்று நின்றவன் தருமன்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். மும்பை நாய்க்குப் போலீஸ் உத்தியோகம் இருந்தது. ராஜ்கர் குரங்கு, அனுமாரின் வம்சம். தருமனின் நாயோ கடைசியில் தர்மதேவதையாகவே மாறிவிடுகிறது. மிருகம் வேறு யாராகவோ இருந்தால், ஒரு பதவியோ தெய்வாம்சமோ அதற்கு இருந்தால், நாம் தாராளமாக அழுவோம். வெறும் நாயாக வாழ்ந்து வெறும் நாயாகச் செத்தது என்றால் மட்டும் நமக்கு வெட்கம் வந்துவிடுகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் ஒரு படி முன்னே போயிருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், கொல்லப்பட்ட மிருகத்தின் விலையைக் கேட்டது. பத்து ரூபாய் பெறுமானமுள்ள பிராணி என்றால் ஒரு தண்டனை, ஐம்பது ரூபாய் பெறும் என்றால் அதைவிட அதிகம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா இந்த விலைப்பட்டியலை எடுத்துவிட்டது. எந்தப் பிராணியைக் கொன்றாலும் ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். 164 ஆண்டுகளுக்குப் பிறகு நாயின் உயிருக்கு விலை கேட்பதைச் சட்டம் நிறுத்திக்கொண்டது. அலுவலகம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது: 'ஒரு நாய்க்காகவா?'

வெளிநாட்டில் சில முன்மாதிரிகள் உண்டு. இத்தாலியில் 2017இல் ரோம் சபியென்ஸா பல்கலைக்கழகத்தின் பெண் ஊழியர் ஒருவர், நோயுற்ற தன் நாயைக் கவனிக்க இரண்டு நாள் சம்பளத்துடன் விடுப்பு பெற்றார். பிராணியைத் தவிக்க விடுவது இத்தாலியச் சட்டப்படி குற்றம். அப்படியிருக்க, கவனிக்கப் போகாதே என்று முதலாளி எப்படிச் சொல்லலாம் என்பது அவர் தரப்பு வாதம். பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் கிம்ப்டன் ஹோட்டல் குழுமம், செல்லப்பிராணியை இழந்த ஊழியருக்கு மூன்று நாள் வரை விடுப்பு என்று விதி வகுத்தது.

இதையே இங்கும் சட்டமாக்க வேண்டும் என்று கோஷம் போடுவது சுலபம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டிய இருவர் இருக்கிறார்கள். பல வீடுகளில் அந்த நாய்க்குச் சோறு வைத்து, குளிப்பாட்டி, அசிங்கத்தை அள்ளியவள் வீட்டு வேலைக்கு வரும் பெண். எஜமானி அழுதுகொண்டிருக்கும்போது அவள் அன்றும் தரையைத் துடைக்கிறாள். மேலே சொன்ன எந்த விடுப்பு விதியும் அவளுக்குப் பொருந்தாது. இன்னொருவர், ஒரே கறவை மாட்டைப் பறிகொடுத்த விவசாயி. இன்ஷூரன்ஸ் இருந்தால் அவர் உடனே மருத்துவரின் சான்றிதழுக்கும் மாட்டின் காதில் மாட்டிய வில்லைக்கும் அலைய வேண்டும். அவருடைய நஷ்டத்துக்காவது ஒரு படிவம் இருக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்த்த மாட்டுக்காக அவர் படும் வேதனைக்கு அதில் கட்டம் இல்லை.

ஆகவே, மாதச் சம்பளக்காரருக்கு மட்டும் 'நாய் விடுப்பு' என்று இன்னொரு சலுகையைச் சேர்ப்பதில் எனக்கு உற்சாகமில்லை. அதைவிட எளிதான, செலவில்லாத ஒன்று போதும். ஊழியர் கணக்கில் ஏற்கனவே விடுப்பு இருக்கிறது. அது அவர் உழைத்துச் சேர்த்தது. அதிலிருந்து ஒரு நாளை எடுக்கும்போது உண்மையான காரணத்தை எழுத அவருக்குத் தைரியம் வர வேண்டும். எழுதினால் மறுநாள் கேண்டீனில் அது ஜோக்காக மாறக்கூடாது. வருடாந்தர மதிப்பீட்டின்போது 'கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறவர்' என்று யாரும் நினைவுபடுத்தக்கூடாது. இந்த மரியாதையை அலுவலகத்தில் பெறுகிறவர், வீட்டு வேலை செய்யும் பெண்ணையும் 'இன்று நீயும் போய்க்கொள்' என்று சம்பளம் பிடிக்காமல் அனுப்பிவைக்க வேண்டும்.

துக்கம் விசாரிப்பது நமக்குப் புதிதல்ல. எதிரி வீட்டில் சாவு என்றாலும் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரும் ஜனங்கள் நாம். அங்கே போனால் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. எத்தனை நாளாக உடம்பு சரியில்லை, கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்று இரண்டு கேள்வி கேட்போம். 'எங்கள் நாய் இறந்துவிட்டது, ஒரு நாள் விடுப்பு வேண்டும்' என்று ஒரு கடிதம் மேஜைக்கு வரும்போது, கையெழுத்துப் போட்டபின் மேலதிகாரி கேட்க வேண்டியதும் அந்த இரண்டு கேள்விகள்தான்.