மஞ்சள் வயலட்டுக்கு ஒரே ஒரு மலை!

வயலட் என்றதுமே ஊதா நிறம்தான் நினைவுக்கு வரும். ஆனால், மஞ்சள் நிறத்தில் பூக்கும் வயலட்டும் உண்டு. அவற்றில் ஓர் இனத்தைக் காட்டில் பார்க்க வேண்டுமென்றால், உலகத்தில் ஒரே ஒரு மலைக்குத்தான் போக வேண்டும்.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகருக்குத் தெற்கே இருக்கிறது பித்சூத்தா மலை. சுண்ணாம்புப் பாறைகளாலான இதன் உயரம் 1,333 மீட்டர். ஒரு காலத்தில் மலையில் குழி வெட்டிப் பனியைச் சேமித்து, கோடையில் பலேர்மோவுக்குக் கொண்டுபோய் விற்பார்களாம். அந்தக் குழிகளின் மிச்சம் இன்றும் அங்கே இருக்கிறது. பாறைகளுக்கு நடுவே, தரையை ஒட்டி வளர்கிறது அந்தச் சின்னஞ்சிறு செடி. பெயர், வியோலா உக்ரியானா. பூங்காக்களில் வளர்க்கிறார்களே பேன்சி, அதற்கு இது காட்டுச் சொந்தம்.

பெயருக்குப் பின்னால் ஒரு துறவி இருக்கிறார். சிசிலியின் உக்ரியா என்ற ஊரில் பிறந்த பெர்னார்தினோ, 18-ம் நூற்றாண்டில் பலேர்மோ தாவரவியல் பூங்காவில் செடிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவர். பூங்காவின் செடிகளைப் பட்டியலிட்டு 1789-ல் புத்தகமும் போட்டார். அவர் இறந்து ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து, 1990-களில்தான் இந்த வயலட் தனி இனம் என்று அறிவிக்கப்பட்டது. அவர் நினைவாகப் பெயரும் சூட்டினார்கள்.

அறிமுகமான வேகத்திலேயே அபாயப் பட்டியலிலும் ஏறிவிட்டது இந்தப் பூ. மத்தியதரைக்கடல் தீவுகளில் மிகவும் ஆபத்தில் இருக்கும் 50 தாவரங்களைச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர்கள் தேர்ந்தெடுத்தபோது, அதில் இதற்கும் இடம் கிடைத்தது.

மேய்ச்சல் ஒரு தொல்லை; கோடையில் பரவும் காட்டுத்தீ அதைவிடப் பெரிய தொல்லை. மூன்றாவதுதான் யோசிக்க வைக்கிறது. மலையைப் பசுமையாக்குகிறோம் என்று நட்ட ஊசியிலை மரங்களும் இந்தச் செடிக்கு ஆகவில்லை! திறந்த வெளியில் வெயில் குடித்து வளர்கிற செடி இது. மரம் அடர்ந்தால் நிழல் விழும், சருகு மூடும். பைன் மரங்களில் பிசின் அதிகம் என்பதால், தீப்பிடித்தாலும் சட்டென்று அணையாது. மரம் நடுவது நல்ல காரியம்தான். எங்கே, எந்த மரம் என்று பார்த்து நட வேண்டும், அவ்வளவே.

இப்போது பித்சூத்தா மலைப்பகுதி பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காப்பகம். அங்கே நடக்கப் போகிறவர்கள் பூவைப் பறிக்காமல், பாதையை விட்டு விலகாமல் போனாலே அதற்குப் பெரிய உதவி.

பல இடங்களில் வளரும் செடி ஓரிடத்தில் அழிந்தாலும், வேறோர் இடத்தில் பிழைத்துக்கொள்ளும். இந்த மஞ்சள் வயலட்டுக்கு அந்த ‘வேறோர் இடம்’ கிடையாது.