கத்திரிக்காய்க்கு ஒரு விளக்கு போதும்

பொருட்களைப் படமெடுக்கப் பழகுகிறவர்கள் முதலில் கேட்பது, விளக்கொளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸில் எதை வாங்கலாம் என்றுதான். இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்பேன். ஒரு கத்திரிக்காய், செல்போன் டார்ச், ஒரு தாள் பட்டர் பேப்பர், இருட்டாக்கக்கூடிய ஓர் அறை. பாடம் முழுவதும் இவற்றுக்குள் இருக்கிறது.

டார்ச்சைப் பக்கவாட்டில், ஒரு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். மேசைமேல் விழும் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். காயின் தோலில் ஒரு சிறு வெண்புள்ளி மின்னும். இது கடும் ஒளி. இப்போது பட்டர் பேப்பரை டார்ச்சின் வாயில் ஒட்டினாற்போல் பிடியுங்கள். வெளிச்சம் குறையுமே தவிர, நிழலின் ஓரம் பெரிதாக மாறாது. அதே தாளை மெல்ல மெல்லக் காயை நோக்கி நகர்த்துங்கள். தாளில் ஒளி விழும் வட்டம் விரிய விரிய, நிழலின் ஓரம் கரையத் தொடங்கும். வெண்புள்ளி அகன்று, தோலின் வளைவோடு படர்ந்த ஒரு பட்டையாகும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே இல்லாதிருந்த சாயல்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

மென்மையைத் தருவது தாள் அல்ல, அளவு. பொருளின் இடத்திலிருந்து பார்த்தால் ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே கணக்கு. சூரியன் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் குறுக்களவு கொண்டது. ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் வானில் அரை டிகிரிதான் தெரிகிறது. அதனால்தான் உச்சிவெயில் நிழல் அவ்வளவு கூர்மை. 60 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸை 65 மீட்டர் தள்ளி வைத்தால் அதுவும் ஏறக்குறைய சூரியனளவுக்கே தெரியும். விலை உயர்ந்த சாஃப்ட்பாக்ஸை அறையின் மூலையில் நிறுத்திவிட்டு, மென்மை வரவில்லையே என்று வருந்துகிறவர்கள் அதைக் காயின் பக்கத்தில், படச் சட்டத்துக்குள் வராத அளவுக்கு நெருக்கிக் கொண்டுவந்தாலே போதும்.

மென் ஒளிதான் அழகு, கடும் ஒளி தவிர்க்க வேண்டியது என்ற எண்ணம் எனக்கு உடன்பாடில்லை. புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்தேஸ் 1928இல் பாரிஸில் எடுத்த முள்கரண்டிப் படத்தைப் பாருங்கள். தட்டின் விளிம்பில் சாய்ந்த ஒரு முள்கரண்டி, அதன் நிழல். அவ்வளவுதான். அந்த நிழலுக்குக் கூர்மை இல்லையென்றால் படமே இல்லை. பின்னர் அதே படத்தை ஒரு ஜெர்மன் வெள்ளிப் பாத்திர நிறுவனம் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. இரண்டே ஆண்டு கழித்து, 1930இல், கலிபோர்னியாவில் எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலின் வாய்க்குள் வைத்துப் படமெடுத்தார். புனலின் உட்சுவர் ஒளியைச் சுற்றிச் சுற்றித் திருப்பி அனுப்ப, காயின் மடிப்புகள் மனித உடலின் தசைபோல் திரண்டு வந்தன. முள்கரண்டிக்கு வெஸ்டனின் ஒளியையும் குடைமிளகாய்க்கு கெர்தேஸின் ஒளியையும் மாற்றிக் கொடுத்தால் இரண்டும் வீணாகும்.

பொருள்தான் ஒளியைக் கேட்கிறது. கைத்தறியின் இழை, கருங்கல்லின் சொரசொரப்பு, முறுக்கின் முள் இவையெல்லாம் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வரும் கடும் ஒளியில்தான் எழுந்து நிற்கும். பித்தளைச் சொம்பு வேறு வகை. பளபளக்கும் உலோகம் தன் எதிரில் இருப்பதையே காட்டும். எதிரில் சின்ன பல்பு இருந்தால் கண்ணைக் குத்தும் ஒரு புள்ளி. அகலமான வெள்ளைத் திரை இருந்தால் சொம்பின் இடை முழுக்க ஓடும் வெள்ளிக் கோடு.

இணையக் கடைகளின் படங்களில் நாலு பக்கமும் வெண்மை பூசி, நிழலையே துடைத்துவிடுகிறார்கள். அவற்றில் செருப்பும் சொம்பும் ஒரே எடையில் மிதக்கின்றன. நிழல் போனால் பொருளின் கனமும் போய்விடும்.

ஆகவே பழகும் காலத்தில் ஒரே விளக்கோடு இருங்கள். இருட்டுப் பக்கம் அதிகமாகக் கறுத்தால் இரண்டாவது விளக்கு வாங்காதீர்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலான படங்களுக்கு அதுவே போதும்.